கரடி வரிசையின் நாலாவது நாற்காலி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. வின்னமக்கா என்ற சிறிய ஊரில், ஆடு மேய்க்க வந்து குடியேறிய பாஸ்க்காரர்களின் விடுதியில், நீள மேசையில் பூண்டு சூப் கைமாறிக்கொண்டிருந்த ஒரு மதியம், நான் தமிழில் கதை எழுதுகிறவள் என்பது எப்படியோ வெளியே வந்துவிட்டது. இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்தேன் என்றில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப எங்க கரடி விஷயத்த எழுது," என்றார் வெர்லா. "ஆனா ஒண்ணு. என்னை முட்டாளா மட்டும் காட்டிடாத."

"அப்புறம் அது உண்மைக் கதையா இருக்காதே அம்மணி," என்றார் பக்கத்திலிருந்த எர்ரமூன், ரொட்டியைப் பிய்த்தபடி.

வெர்லா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எர்ரமூன் முன்னால் இருந்த ஆட்டுக்கறிக் கிண்ணத்தை எடுத்து மேசையின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டார்.

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். [கதை எழுதுவதாகத்தான் வாக்கு, நல்ல கதை என்று சொல்லவில்லை.] வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் இரண்டு தொடக்கங்கள் கெட்டுப்போயின.

முதலாவது: "டஸ்டி ஸ்பர் கேஸினோவின் நடுக்கூடத்தில் ஐம்பத்திரண்டாயிரம் டாலர் என்ற எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் —"

நிறுத்திவிட்டேன். பணத்தில் தொடங்கினால் உங்கள் கண் பணத்திலேயே நிற்கும். அதன் கீழே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்மேல் இறங்காது. டஸ்டி ஸ்பர் அந்த எண்ணைத் தலைக்கு மேலே தொங்கவிட்டிருப்பதே அதற்காகத்தான். அவர்கள் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்?

இரண்டாவது: "கணவனை இழந்து, பிள்ளைகளைப் பிரிந்து, தனிமையில் வாடிய வெர்லா —"

வெர்லா வாடவில்லை. இரண்டு மகள்களும் இதே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். தூரம் கொஞ்சம் கூடினால் நல்லது என்பது அவர் கட்சி. புதன்கிழமை பௌலிங், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு. மெஷின் முன்னால் ஒரு வயதான பெண்ணை உட்கார வைத்ததும் 'தனிமை' என்ற சொல் தானாக வந்து பேனாவில் ஏறிக்கொள்கிறது. இறக்கிவிட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தில் மூன்றே சொற்கள். இதை வைத்துக்கொள்கிறேன்.

2

நாற்காலிகள் நான்கு இருந்தன.

ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மெஷின். நான்கும் ஒரே அச்சு. பொத்தானை அழுத்தினால் கரடி, மீன், தேன்கூடு, பைன்மரம் எல்லாம் சுழன்று நிற்கும். ஒரு கோட்டில் கரடிகள் மட்டும் நின்றுவிட்டால், மேலே ஓடும் மீட்டரில் உள்ள தொகை முழுவதும் அந்த நாற்காலிக்காரருக்கு. நான்கு மெஷினுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். யார் எதில் காசு போட்டாலும் அது ஏறும். ஊரில் அதைக் கரடி வரிசை என்பார்கள்.

நான் டஸ்டி ஸ்பரின் அந்தக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மெஷினில் நோட்டு சிக்கினால் எடுப்பது, பெரிய தொகை விழுந்தால் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது, 'இது என் மெஷின்' சண்டைகளை விலக்கிவிடுவது. பூங்கோதை என்ற பெயரை ஊர் 'கோதா' ஆக்கிவிட்டது. குஸ்தி மேடைக்கும் தமிழில் அதுதான் பெயர் என்று அவர்களிடம் சொன்னதில்லை.

சுவரோரம் இருந்த நாலாவது நாற்காலி வெர்லா ஆஸ்ட்ராண்டருடையது. எழுபத்தொரு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஊரில் நடுவயதுக்குக் கீழே இருக்கும் எவரும் ஒருமுறையாவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பார். மூன்றாவது நாற்காலி எர்ரமூன் கோயெனேச்சேயுடையது. ஆட்டு மந்தையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டவர். பூட்ஸ் மட்டும் இன்னும் மந்தையை விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலைப் பலகாரம் முடித்து இருவரும் வருவார்கள். மூன்று டாலர் வைத்து அழுத்தினால்தான் கரடிப் பணத்துக்குத் தகுதி; ஆகவே மூன்று டாலர். ஆனால் ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் நடுவே ஒரு காபி ஆறிவிடும்.

[இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் வாயில் மட்டும் வெர்லாவுக்கு ஒரு அக்காவும் எர்ரமூனுக்கு ஒரு அண்ணனும் ஒட்டிக்கொள்வது என் தமிழின் வேலை.]

"இந்த வாரம் விழுந்தா என்ன பண்ணுவ?" இது எர்ரமூனின் வாராந்தரக் கேள்வி.

"நீச்சல் குளம் வெட்டுவேன்."

"உனக்கு நீச்சலே தெரியாதே."

"தண்ணி விட்டாத்தானே? சும்மா வெட்டிப் போட்டுருவேன். எதுக்குன்னு யோசிச்சு யோசிச்சே பக்கத்து வீட்டுக்காரி இளைச்சுப் போகட்டும்."

போன வாரம் அது ஒட்டகமாக இருந்தது. அதற்கு முந்தின வாரம், சர்ச்சுக்கு ஒரு புது ஆர்கன். ஆனால் வாசிக்கத் தடை. பதினோரு வருடம் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை. மதியமானால் எர்ரமூனின் பிக்கப் வண்டி கிழக்கே போகும், வெர்லாவின் கார் மேற்கே போகும்.

3

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்லியாக வேண்டும். கதைக்குள் கணக்கு வந்தால் வாசகர் பக்கம் தாண்டுவார் என்று தெரியும். தாண்டாதீர்கள்; இந்தக் கதையில் வில்லன் என்று ஒருவர் இருந்தால் அவர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறார். பார்த்தால் வில்லன் மாதிரி தெரிய மாட்டார்.

கரடி வரிசையில் விழும் ஒரு டாலரில் எண்பத்தேழு சென்ட், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன வெற்றிகளாக ஆடுகிறவர்களுக்கே திரும்பிப் போகிறது. மூன்று சென்ட் மீட்டரில் ஏறுகிறது. பத்து சென்ட் டஸ்டி ஸ்பருக்கு. ரகசியமில்லை. மெஷின்களுக்கெல்லாம் மேலாளரான டாயில் ஹார்கிஸ் காபி குடித்துக்கொண்டே சொல்வார்.

"கோதா, ஜாக்பாட் விழுந்தா எனக்கு நெஞ்சு வலிக்கும்னு ஜனங்க நெனைக்கிறாங்க. எனக்கு ஏன் வலிக்கணும்? அது என் காசா? அவங்க காச அவங்களுக்கே ஒரு ஆள் கையில எடுத்துக் குடுக்குறேன். நான் தபால்காரன் மாதிரி."

ஒவ்வொரு முறை கரடி விழுந்த பிறகும் மீட்டர் பத்தாயிரத்தில் தொடங்கும். அந்தப் பத்தாயிரம் மட்டும் கேஸினோ போடும் விதைப்பணம். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் ஆடுகிறவர்களின் மூன்று மூன்று சென்ட்தான். அந்தக் குளிர்காலத்தில், ஐந்து வருடமாக விழாமல், மீட்டர் ஐம்பத்திரண்டாயிரத்தைத் தொட்டது. அதாவது மூன்று மூன்று சென்டாக நாற்பத்திரண்டாயிரம் ஏறியிருக்கிறது. அப்படியானால் அந்த நான்கு மெஷினுக்குள் போன பணம் பதினான்கு லட்சம் டாலர். அதில் டாலருக்குப் பத்து சென்ட் வீதம் டஸ்டி ஸ்பர் எடுத்துக்கொண்டது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். யாரோ ஒருவர் ஐம்பத்திரண்டாயிரத்தைக் கட்டிப்பிடித்து அழப்போகும் நாளுக்கு முன்னாலேயே, சத்தமில்லாமல், சில்லறை சில்லறையாக.

தபால்காரர் தபால்தலைக்கு நன்றாகவே வாங்கிக்கொள்கிறார்.

வெர்லாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

"பௌலிங் போனா காசு திருப்பியா தர்றான்?" என்றார். "இங்க காபி ஓசி. கணப்பு ஓசி." பிறகு மூன்றாவது நாற்காலியைக் கண்ணால் காட்டி, "திட்டுறதுக்கு ஒரு ஆளும் ஓசி."

நான் போய் அவருக்கு இன்னொரு ஓசிக் காபி கொண்டுவந்தேன்.

4

மீட்டர் ஒரு அளவுக்கு மேல் ஏறிவிட்டால் நிலைமை தலைகீழாகும். ஒவ்வொரு டாலரிலும் இழக்கும் பதின்மூன்று சென்டைவிட, விழக்கூடிய கரடியின் பங்கு பெரிதாகிவிடும். அப்போது ஆடுவதுதான் புத்திசாலித்தனம். இதை மோப்பம் பிடித்து ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ரீனோ நகரத்திலிருந்து நோலன் ப்ரூயிட், தன்னோடு சேர்த்து ஆறு பேர் கொண்ட குழுவோடு வந்தது, பனி பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

[அவரைக் கறுப்புக் கண்ணாடி போட்டவராக எழுத ஆசையாக இருந்தது. அவரிடம் இருந்தது மூல நோய்க்காரர்கள் உட்காரும் வட்டத் தலையணை. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.]

மூன்று நாற்காலிகளில் அவர் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவதில் நோட்டு சிக்கியிருந்ததால் நான் கதவைத் திறந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் குழுவைச் சேர்ந்த டெஸ் என்ற பெண் நான் முடிப்பதற்காகப் பின்னால் நின்றாள். கதவை மூடினேன். டெஸ் நகர்வதற்குள் நாற்காலியில் வெர்லா இருந்தார். எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று இன்றுவரை தெரியாது. சீட்டுப் பிடிக்கிற கலையை முப்பது வருடம் பஸ் கண்ணாடியில் பார்த்தவர்.

எர்ரமூன் வந்து, தன் இடத்தில் அந்நியன் ஒருவன் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி வெர்லாவின் மெஷின் மேல் வைத்துவிட்டு, அவர் பின்னால் நின்றுகொண்டார்.

நோலனுக்கு நான்கு நாற்காலியும் வேண்டும். ஒன்று வெளியாள் கையில் இருந்தால், இவர்கள் பணத்தைக் கொட்ட, அந்த ஆளுக்கு விழுந்துவிடலாம். மரியாதையாகத்தான் வந்து கேட்டார்.

"ஐநூறு டாலர் தர்றேன்மா. அந்த இடத்த விட்டுக் குடுங்க."

வெர்லா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன் தம்பி. சீட்டுக்கு லஞ்சம் குடுத்த பையனெல்லாம் கடைசியில முன் சீட்டுலதான் உக்காந்தான். என் கண்ணுக்கு நேரா."

"ஆயிரம்?"

"அந்தப் பையனுங்களும் இப்படித்தான் ஏத்துவானுங்க."

நோலன் டாயிலிடம் போனார். அந்த அம்மா நிமிடத்துக்கு ஒரு தடவைகூட அழுத்துவதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று முறையிட்டார். டாயில் அன்று நல்ல சட்டை போட்டிருந்தார். முகமும் நல்ல சட்டை போட்டதுபோலத்தான் இருந்தது.

"அவங்களும் கஸ்டமர், நீங்களும் கஸ்டமர். காபி சாப்பிடுறீங்களா?"

டாயில் ஏன் சிரிக்க மாட்டார்? நோலன் கணக்குத் தெரிந்தவர்தான். ஆனால் அவர் குறி வைத்தது டாயிலின் பணத்தை அல்ல; ஐந்து வருடமாக இந்த ஊர்க்காரர்கள் மீட்டரில் விட்டுப்போன பணத்தை. அதை எடுக்க அவரும் டாலருக்குப் பத்து சென்ட் டாயிலுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். வெர்லா காபி ஆறுகிற வேகத்தில் கட்டினார். நோலன் ஆட்கள் மழை கொட்டுகிற வேகத்தில் கட்டினார்கள். வேட்டைக்காரன் காட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டே வேட்டையாடுகிற விசித்திரம் இது.

5

மதியமாயிற்று. வெர்லாவுக்குப் பசி, அதைவிட அவசரமான வேறு ஒன்றும் இருந்தது. எழுந்தால் இடம் போய்விடும்.

"நீ போய்ட்டு வா, நான் உக்காந்திருக்கேன்," என்றார் எர்ரமூன்.

நான் குறுக்கே பேச வேண்டியிருந்தது. "அக்கா, சட்டம் என்னன்னா, பொத்தானை யார் அழுத்துறாங்களோ அவங்களுக்குத்தான் பணம். நாற்காலி யாரோடதுன்னு பாக்க மாட்டாங்க."

"அப்ப நான் பாத்ரூம் போயிருக்கும்போது இந்த ஆளு அழுத்தி விழுந்துட்டா?"

"அண்ணனுக்குத்தான்."

வெர்லா எர்ரமூனைப் பார்த்தார். "எனக்குக் குடுப்பியா?"

எர்ரமூன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது. "குடுக்க மாட்டேன்."

"நல்லது. பொய் சொல்லல," என்று சொல்லிவிட்டு வெர்லா எழுந்து போனார்.

[இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: "அந்தக் கணத்தில் வெர்லாவுக்கு, பதினோரு வருடமாகத் தான் உட்கார்ந்திருந்தது கரடிக்காக அல்ல என்பது —" அடித்துவிட்டேன். அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது. அவசரமாகப் போனார் என்பது தெரியும்.]

அன்று மாலைக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ரீனோக்காரர்கள் வெர்லாவின் கரடியைத் தூக்கிப்போக வந்திருக்கிறார்கள். பாஸ்க் விடுதியின் சமையற்காரர் ஏப்ரனோடு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற ஒருவர், சின்ன வயதில் அந்த பஸ்ஸில் வாந்தியெடுத்தவராம், கடனைத் தீர்க்க வந்தார். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற பெண்மணி வாழ்க்கையில் முதல் முறையாகக் கேஸினோவுக்குள் வந்து, இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினார். புதன் முழுக்க நாலாவது நாற்காலி சூடு ஆறவே இல்லை. யாருக்கு விழுந்தாலும் பணம் அவருக்கு. விருந்து மட்டும் ஊருக்கு என்று வெர்லா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

எர்ரமூன் வீட்டிலிருந்து ஒரு பானை ஆட்டுக்கறி வந்தது. அதை வெர்லா மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார். மூன்று தடவை கறி போட்டுக்கொண்டார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா நிற்பார்களா? பக்கத்து மெஷின்களில் உட்கார்ந்தார்கள். பாரில் பிகோன் பஞ்ச் என்ற பாஸ்க் மது தீர்ந்துபோனது. ஊர் ஒற்றுமைக்கும் டாலருக்குப் பத்து சென்ட்தான் விலை. டாயில் இன்னொரு நல்ல சட்டையில் வந்தார்.

6

இங்கே நிறுத்தி, முடிவுகளைப் பரப்பி வைக்கிறேன்.

வெர்லாவுக்கு விழுகிறது என்று ஒரு முடிவு. இரண்டு பக்கம் எழுதினேன். ஊர் கைதட்டுகிறது, நோலன் தலையணையை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து போகிறார். எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

வெர்லா சாப்பிடப் போன நேரத்தில் எர்ரமூனுக்கு விழுகிறது என்று இன்னொன்று. இது கொஞ்சம் ஆழமான கதைபோலத் தெரியும். ஆனால் அவர்தான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாரே. சொன்ன சொல் மாறாதவரை வைத்துக்கொண்டு என்ன மனப் போராட்டம் எழுதுவது?

ஆர்கன் பெண்மணிக்கு விழுகிறது. இது வெறும் குறும்பு. ஆனால் பிடித்திருந்தது.

குழப்பத்தில் இருந்தபோது வெர்லாவே போன் செய்தார்.

"எந்த எடத்துல இருக்க?"

"முடிவுலக்கா. உங்களுக்கு விழுந்த மாதிரி எழுதியிருக்கேன்."

"உங்க ஊர்ல வாசிக்கிறவங்க அத நம்புவாங்களா?"

"நம்புவாங்க. அதுதான் பிரச்சினை."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. டஸ்டி ஸ்பர் வாசலில் ஒரு சுவர் முழுக்கப் படங்கள்: ஆள் உயரக் காசோலையைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு, ஜெயித்தவர்கள். ஒவ்வொரு படமும் அதே முடிவுள்ள ஒரு கதை. அந்த வழியாக உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதையை வாசித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நான் வேறு தமிழில் ஒரு படத்தை அந்தச் சுவரில் ஓசியாக மாட்ட வேண்டுமா?

"நடந்தத எழுது," என்றார் வெர்லா. "நடந்ததே நல்லாத்தானே இருந்தது."

7

நடந்தது இது.

வியாழக்கிழமை காலை. வெர்லா நாலாவது நாற்காலியில் இருந்தார், எர்ரமூன் அவர் பின்னால். நான் மூலையில் ஒருவருக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் ஏதும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதுதான் தெரிந்தது. அந்த மூன்று நாட்களும் மழைபோலக் கேட்டுக்கொண்டிருந்த பொத்தான் ஓசை நின்றுவிட்டது.

இரண்டாவது மெஷினில் டெஸ், உணவகத்தில் பில் கேட்பவள்போல ஒரு விரலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வரிசையாகக் கரடிகள். மேலே, அறுபத்திரண்டாயிரம் சொச்சம்.

அவள் துள்ளவில்லை. இதையே தொழிலாக ஆடுகிறவர்கள் துள்ள மாட்டார்கள். நோலன் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து முதுகை நிமிர்த்தினார். எலும்பு சொடுக்கியது எனக்கே கேட்டது. நான் போய்ச் சரிபார்த்து, டாயிலைக் கூப்பிட்டு, மீட்டரைத் திருப்பி வைத்தேன். பத்தாயிரம்.

அப்போது வெர்லாவின் முகம் —

பார்க்கவில்லை. என் கண் மெஷின் மேல் இருந்தது. அவர் குரலைத்தான் கேட்டேன்.

"அட. இவ்வளவு சின்னதா இருக்கு."

மீட்டரைத்தான் சொன்னார். ஐந்து வருடத்தில் அதை அவ்வளவு சின்ன எண்ணாக அவர் பார்த்ததே இல்லை. ஆறிப்போன காபியை முழுவதும் குடித்தார். பிறகு எழுந்து டெஸ்ஸிடம் போய்க் கை கொடுத்தார். கையை உடனே விடவில்லை, திருப்பிப் பார்த்தார்.

"மணிக்கட்டு வலிக்குதா?"

"ரொம்பங்க," என்றாள் டெஸ்.

"வெந்நீர்ல உப்புப் போட்டு வை. இன்னைக்கு எதையும் அழுத்தாத."

ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைசியில் எர்ரமூன் மெஷின் மேலிருந்து தன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"விழுந்தவங்கதான் விருந்து வைக்கணும்னு தீர்ப்பு இருக்கு," என்றார். "பசிக்குது."

8

பாஸ்க் விடுதியின் நீள மேசை. ஒரு பக்கம் ரீனோக்காரர்கள், எதிரே ஊர். சூப் வந்தது, பீன்ஸ் வந்தது, ஆட்டுக்கறி வந்தது, டம்ளரில் சிவப்பு ஒயின் வந்தது. ரொட்டிக் கூடை அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர, பகையை வைத்துக்கொள்வது சிரமமாகிவிட்டது. சமையற்காரர் மட்டும் நோலனுக்குக் கறி வைக்கும்போது எலும்பாகப் பார்த்து வைத்தார்.

"தம்பி, அறுபத்திரண்டாயிரத்துல உனக்கு எவ்வளவு நிக்கும்?" என்று வெர்லா கேட்டார். பஸ்ஸில் பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிற தோரணை.

நோலன் எலும்பைக் கீழே வைத்தார். "மூணு நாள்ல நாங்க விட்டது நாப்பத்திரண்டாயிரம்."

"சரி, இருவது மிச்சம்."

"முதல் போட்ட ஆள் ஒருத்தர் ரீனோல இருக்காரு. அவருக்குப் பாதி. மீதியில நாங்க ஆறு பேர். ரூம் வாடகை, பெட்ரோல்." விரல் விட்டார். "எனக்கு ஆயிரத்து ஐநூறு தேறும்."



"நான் உன்கிட்ட ஆயிரம் வாங்கிட்டு எடத்த விட்டிருந்தா," என்றார் வெர்லா மெதுவாக, "நானும் நீயும் கிட்டத்தட்ட ஒரே அளவு சம்பாதிச்சிருப்போம். அதுவும் நான் வீட்ல படுத்துக்கிட்டு."

"அதான் நான் அப்பவே கேட்டேன்," என்றார் நோலன். மேசை சிரித்தது. அவரும்தான்.

"விழாமப் போனா?"

"போன மாசம் எல்கோ ஊர்ல எங்களுக்கு விழல. எங்களுக்கு முன்னாடி எழுந்து போன ஒரு லாரிக்காரர் திரும்பி வந்து ஒரே தடவை அழுத்தினாரு."

"பாவம்," என்றார் ஆர்கன் பெண்மணி. அவர் கண்ணில் ஈரம்.

வெர்லாவின் பார்வை மேசையின் கோடிக்குப் போனது. அங்கே, யாரும் அழைக்காமலே வந்து, யாரும் கவனிக்காதபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் டாயில்.

"டாயில், உனக்கு எவ்வளவு?"

"பீன்ஸ் இன்னைக்கு அருமையா இருக்கு," என்றார் டாயில்.

அவர் சொல்லாததை நான் இங்கே சொல்லிவிடுகிறேன். நோலன் குழு மூன்று நாளில் மெஷினுக்குள் ஓட்டியது மூன்று லட்சத்து இருபதாயிரம். பத்து சென்ட் வீதம் முப்பத்திரண்டாயிரம். புது மீட்டருக்குப் பத்தாயிரம் விதைத்துவிட்டாலும் இருபத்திரண்டாயிரம் மிச்சம். ஜெயித்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். ஊர் நாற்காலியின் பத்து சென்ட்டும், தீர்ந்துபோன பிகோன் பஞ்ச்சும் தனி.

"அப்ப நாங்களும் இவங்களும் இழுத்துக்கிட்டுக் கிடந்தது, நீ ஜெயிக்கவா?" என்றார் எர்ரமூன்.

டாயில் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, கேட்டால் மறைக்காதவர். "நான் ஜெயிக்க நீங்க சண்டையெல்லாம் போட வேணாம் எர்ரமூன். உக்காந்தாலே போதும்."

வெர்லா சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. அது நோலனுக்குத் தொற்றி, டெஸ்ஸுக்குத் தொற்றி, சமையற்காரர் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று நோலனுக்கு இரண்டாவது முறை வைக்கப்பட்ட கறியில் எலும்பே இல்லை.

பில்லை நோலன் கட்டினார். அவருடைய ஆயிரத்து ஐநூறு இன்னும் கொஞ்சம் இளைத்தது.

9

கதை அந்த மேசையோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை என்று ஒன்று வந்தது.

மீட்டர் பத்தாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. வேட்டைக்காரர்கள் இனி பல வருடம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கரடி வரிசையில் ஈ இல்லை. டாயில் வாழ்க்கையில் முதன்முறையாகக் கவலைப்பட்டார். நோலன் போன்றவர்கள் மூன்று நாள் மழை. பயிருக்குத் தேவை தினமும் விழுகிற பனித்துளி. எந்தக் கரடியும் விழாத நூற்றுக்கணக்கான செவ்வாய்க்கிழமைகளில்தான் டஸ்டி ஸ்பர் வாழ்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைகளுக்கு வெர்லா என்று பெயர். ஆகவே அவருக்கும் எர்ரமூனுக்கும் இலவசக் காலைப் பலகாரச் சீட்டு போனது. கூடவே மாட்டிறைச்சி விருந்துக்கு ஒன்று.

இருவரும் வந்தார்கள். ஓசிப் பலகாரத்தை ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். பிறகு நடந்து கரடி வரிசைக்கு வந்தார்கள். நான் நாலாவது மெஷினைத் துடைத்து வைத்திருந்தேன். வெர்லா நாற்காலியின் முதுகில் கை வைத்தார். உட்காரவில்லை. எர்ரமூன் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், நோட்டு சிக்கிவிட்டது என்று.

இங்கே உங்களைக் காக்க வைக்க எனக்கு வழி தெரியும். முடிவைத் தள்ளிப்போட்டு, இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்று ஏற்றிக்கொண்டே போகலாம். ஆனால் அது டாயிலின் தொழில். நான் காத்திருப்புக்குக் காசு வாங்குகிறவள் இல்லை. பார்த்ததை உடனே சொல்லிவிடுகிறேன்.

நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் திரும்பியபோது நாற்காலிகள் நான்கும் காலி. கண்ணாடிக் கதவு வழியே வண்டி நிறுத்துமிடம் தெரிந்தது. எர்ரமூனின் பிக்கப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். அவர் சாவியை நீட்டினார். வெர்லா வாங்கிக்கொண்டு, சுற்றிப் போய், ஓட்டுகிற பக்கம் ஏறினார். எர்ரமூன் மறுபக்கம் ஏறி, அங்கே படுத்திருந்த நாயை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். வண்டி மேற்கே போகவில்லை. கிழக்கே, மகன்களின் மந்தைகள் குட்டி போட்டுக்கொண்டிருக்கிற மலைப்பக்கம் போனது. பள்ளிக்கூட பஸ் வேகத்தில்தான்.

வெள்ளிக்கிழமை வந்தார்களா என்று கேட்பீர்கள். தெரியும், சொல்ல மாட்டேன். வந்தார்கள் என்றால் 'ஐயோ' என்பீர்கள், வரவில்லை என்றால் 'அப்பாடா' என்பீர்கள். இரண்டுமே அவர்கள் கேட்காதவை.

எனக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்று இருக்கிறது. கரடி வரிசையில் எர்ரமூன் என்ன சொன்னார்? வெர்லாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அத எழுதினா உன் மேல கேஸ் போடுவேன்," என்றார், ரொம்பச் சந்தோஷமாக. நானாக எழுதிப் பார்த்த அத்தனையிலும் எர்ரமூன் என்னைப்போலவே பேசுகிறார். ஆகவே அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவர் நீளமாகப் பேசாதவர். பெரிய சொற்கள் வேண்டாம், கரடி வேண்டாம், ஆட்டுக்குட்டிகள் இருக்கட்டும். தூரத்திலிருந்து பார்த்த அளவில் மூன்று வாக்கியம்தான் இருக்கும். மூன்றாவதில் வெர்லா சிரித்தாக வேண்டும்.